அயர்வும் சோம்பலும்

சோம்பல் குணத்தின் குறை. அயர்வு உடலின் நிலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது எத்துணைப் பிழை என்பதை, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயின் வரலாறு நமக்குத் தெளிவாக்குகிறது.

மின்கம்பிக்கு மேலுறை போல, நரம்பிழைகளுக்கு மையலின் என்னும் கொழுப்புறை காப்பாக உள்ளது. உடலின் தற்காப்பு ஆற்றலே அவ்வுறையைத் தாக்கிச் சிதைப்பது இந்நோய். 1868இல் பாரிசு நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்னும் பேரறிஞர் இதனைத் தனி நோயென விளக்கினார். கண்ணின் துடிப்பு, கை நடுக்கம், பேச்சுத் தடை ஆகியவற்றை அவர் சிறப்பாகக் குறித்தார். இவை பிறர் காணக்கூடியவை. அயர்வோ நோயாளி மட்டுமே உணர்வது. காண இயலாத அதனைப் பலர் சோம்பல் என்றே எண்ணினர்.

1890இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹோஃப், உடலுழைப்பின் பின் நோயாளியின் பார்வை சிறிது நேரம் மங்குவதைக் கண்டெழுதினார். உழைப்பைத் தவிர்த்து ஓய்ந்திருக்குமாறே மருத்துவர் நெடுங்காலம் கூறிவந்தனர்.

1985இல் கனடாவின் மருத்துவர் மரே, சளிக்காய்ச்சலுக்கெனப் பிறந்த அமாண்டடின் மருந்தை இவ்வயர்வுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். 1989இல் அமெரிக்க மருத்துவர் கிரப் முதலானோர், ஒன்பது கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்தனர். நோயாளியின் சொல்லுக்கு அதனால் எண் மதிப்புக் கிட்டியது. 1996இல் யூட்டா மாநில ஆய்வாளர், 15 வாரப் பயிற்சியால் நோயாளரின் உடல் வலிமை கூடியதைக் காட்டினர். ஓய்வே மருந்து என்ற கொள்கை தளர்ந்தது. 2008இல் நியூசிலாந்தில் 72 பேரிடம் நடந்த ஆய்வில், எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்ப்படுத்தும் உளப்பயிற்சி அயர்வை நன்கு குறைத்தது.

மருந்தின் நிலை யாது? 2021இல் வெளியான ஆய்வொன்றில் 141 பேர் அமாண்டடின், மோடாஃபினில், மெத்தில்பெனிடேட் ஆகியவற்றையும் வெற்று மாத்திரையையும் மாறி மாறி உண்டனர். மூன்று மருந்துகளும் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை, பக்கவிளைவுகளே மிகுந்தன.

உளப்பயிற்சியால் குறைகிறதெனில் அயர்வு வெறும் மனமயக்கம் என்று சிலர் கூறக்கூடும். அது பொருந்தாது. நடைப்பயிற்சியால் நீரிழிவு தணிகிறது; அதனால் நீரிழிவு பொய்யாகிவிடுமா?

இன்றும் இதற்கு முற்றான மருந்தில்லை. அளவான பயிற்சி, வேலையைப் பகுத்துச் செய்தல், தளருமுன் ஓய்தல் ஆகியனவே துணை. இவற்றுக்கெல்லாம் முற்பட்டது, அயர்ந்தேன் என்பவன் சொல்லை நம்புதல். மாணவனை மடியன் என்று எளிதிற் கூறிவிடும் ஆசிரியராகிய நாமும் உளங்கொள்ளத்தக்கது இது.