தொழுநோயும் தோல் நோயியல் வல்லுநரின் கடமையும்

தோலிலிருந்து சிறு துண்டை வெட்டியெடுத்து, நுண்ணோக்கியில் ஆராய்ந்து நோயைக் கண்டறியும் மருத்துவப் பிரிவு தோல் நோயியல் எனப்படும். இத்துறை வல்லுநர் பெரும்பாலும் நோயாளியை நேரில் காண்பதில்லை. ஆயினும் அவர் அறிக்கையில் எழுதும் ஓரிரு வரிகள் நோயாளியின் வாழ்க்கையையே மாற்றிவிடக்கூடும். இந்தியாவில் இதைத் தெளிவாக உணர்த்துவது தொழுநோயின் வரலாறு.

சட்டமும் சான்றிதழும்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1898-இல் தொழுநோயாளர் சட்டம் இயற்றப்பட்டது. புண் வைக்கத் தொடங்கிய ஏழை நோயாளியைப் பிடியாணை இன்றிக் கைது செய்ய அச்சட்டம் இடமளித்தது. அரசு நியமித்த மருத்துவர் அவரைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தால், நீதிபதி அவரைக் காப்பகத்துக்கு அனுப்பலாம். ஒரு மருத்துவரின் கையெழுத்தில் ஒரு மனிதரின் விடுதலை அடங்கியிருந்தது. இச்சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கோரும் வழி 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அடைக்கப்பட்டது.

பெர்கன் வழக்கு

தொழுநோய்க் கிருமியை 1873-இல் கண்டறிந்தவர் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன். கிருமியே நோய்க்குக் காரணம் என்று நிறுவும் முயற்சியில், 1879-இல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில் வேறொரு நோயாளியின் திசுவைச் செலுத்தினார். அப்பெண்ணின் சம்மதத்தை அவர் பெறவில்லை. 1880-இல் பெர்கன் நகர நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. மருத்துவமனைப் பதவியை அவர் இழந்தார். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பானாலும் நோயாளியின் சம்மதம் கட்டாயம் என்பதற்கு இவ்வழக்கு இன்றும் எடுத்துக்காட்டாக உள்ளது.

தமிழ்நாட்டின் பங்கு

செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை நடுவண் அரசு 1955-இல் ஏற்று, பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அதே காலத்தில் வேலூர் அருகே கரிகிரியிலும் ஆராய்ச்சி மருத்துவமனை உருவானது. தொழுநோயில் நரம்பும் தோலும் சிதையும் விதத்தை அங்கு ஆராய்ந்தவர்களுள் சி. கே. ஜாப் குறிப்பிடத்தக்கவர். செட்டிநாட்டுப் பகுதி அடங்கிய சிவகங்கை மாவட்டத்திலும், மானாமதுரையில் தயாபுரம் தொழுநோய் மருத்துவமனை உள்ளது.

நுண்ணோக்கியின் எல்லை

தொழுநோயின் எல்லா வகைகளும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரிவதில்லை. 1966-இல் ரிட்லி, ஜாப்லிங் இருவரும் அதை ஐந்து வகைகளாகப் பிரித்தனர். ஒரு முனையில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். சாயமேற்றினால் எளிதில் புலப்படும். மறுமுனையில் கிருமியைக் காண்பதே அரிது. அப்போது திசு, தோல் காசநோயின் திசுவைப் போலவே தோன்றலாம். தோலிலுள்ள நுண்ணிய நரம்பு அழற்சியால் சிதைந்துள்ளதா என்பதே முக்கியத் தடயம். ஆழமின்றி வெட்டிய துண்டில் அந்த நரம்பே இராது. தொடக்க நிலைத் தேமல் எதையும் உறுதியாகக் காட்டாமலும் போகலாம்.

எனவே வல்லுநர் இருபுறமும் தவறக்கூடும். நோய் இல்லாதவருக்கு உண்டு என எழுதினால், அவர் தேவையற்ற மருந்தோடு ஊராரின் ஒதுக்கலுக்கும் ஆளாவார். இருப்பதை இல்லை என்றால், நரம்பு சிதைந்து கைகால் ஊனமாகலாம். 1982-இல் உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் இந்நோய் குணமாகும். கிருமி குறைந்த வகைக்கு 6 மாதமும் மிகுந்த வகைக்கு 12 மாதமும் இன்று மருந்து தரப்படுவதால், வகையைப் பிழையாகக் குறித்தாலும் தீங்கு உண்டு.

இன்றைய சவால்கள்

10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 இறுதியில் எட்டியது. நோய் அறவே ஒழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. நோயாளிகள் குறையக் குறைய, இளம் மருத்துவர்கள் இத்தகைய திசுக்களைப் பார்த்துப் பழகும் வாய்ப்பும் குறைகிறது. காரைக்குடி போன்ற ஊர்களில் எடுக்கும் திசு வெளியூர் ஆய்வகத்துக்குப் போகும்போது, உடன் செல்லும் குறிப்பில் உணர்விழப்பு உள்ளதா, தேமல் எத்தனை நாளாக உள்ளது என்ற விவரங்கள் இல்லையென்றால் வல்லுநர் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

அத்தகைய நிலையில் ஐயத்தை மறைக்காமல் எழுதுவதும், சிகிச்சை தரும் மருத்துவரோடு கலந்து பேசுவதும், தேவையானால் மூத்தவரின் கருத்தைக் கேட்பதும் அவருடைய கடமை. அறிக்கை வேறு எவர் கைக்கும் போகாமல் காப்பதும் அதில் அடங்கும். பக்கத்து வீட்டார் அறிந்தாலே திருமணம் தடைப்படும் ஊர்களில், ரகசியம் காப்பது சிகிச்சைக்கு நிகரான உதவியாகும்.