வென்றவரும் வழி திறந்தவரும்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில், எமது பாடசாலையின் பதினோராந் தர மாணவர் இருவர் ஒரு வழக்கைத் தீர்த்து வைக்குமாறு என் அறைக்கு வந்தனர். கலப்புத் தற்காப்புக் கலை என்று இக்காலத்தில் வழங்கும் சண்டை விளையாட்டிலே, தோன்றிய நாள்முதல் இன்றுவரை தலைசிறந்த வீரன் யார் என்பதே வழக்கு. ஒருவன் கையிற் பத்துப் பெயர் கொண்ட பட்டியல். மற்றவன் கையிலும் பத்துப் பெயர். இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை நான்கு. வரலாறு கற்பிப்பவன் என்பதற்காக என்னை நாடினரேயன்றி, நான் அவ்விளையாட்டை அறிந்தவன் என்று எண்ணி வந்தார்களல்லர். ஆயினும், குத்துச்சண்டை, மல்யுத்தம் ஆகியவை பற்றிய செய்திகளை இளமைதொட்டு விரும்பிப் படித்து வந்தவன் ஆதலால், தீர்ப்புச் சொல்ல இரண்டு கிழமை அவகாசம் கேட்டுக்கொண்டேன். அத்தீர்ப்பையே நேயர்கள் முன் இன்று வைக்கிறேன்.

இரு பட்டியல்களும் வெற்றிகளின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்டிருந்தன. தோல்வியே காணாதவன் முதலில். ஒருமுறை தோற்றவன் அடுத்து. இவ்வாறே வரிசை அமைந்திருந்தது. இது கணக்கியலுக்குப் பொருந்தும். வரலாற்றுக்குப் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. பழைய கிரேக்கரிடமிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். கி.மு. 648 ஆம் ஆண்டில் ஒலிம்பிய விழாவிற் பங்கிராத்தியம் என்னும் போட்டி சேர்க்கப்பட்டது. அடித்தல், உதைத்தல், மல்லுப் பிடித்தல், கழுத்தை நெரித்தல் யாவும் அதில் அனுமதிக்கப்பட்டன. கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் மாத்திரமே விலக்கப்பட்டன. கி.மு. 564 இல், பிகாலியா ஊரவனான அரிக்கியோன் என்பவனை எதிரி கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தான். மூச்சு அடங்கும் தறுவாயில் அரிக்கியோன் எதிரியின் கால்விரலைப் பற்றி முறித்தான். வலி பொறாத எதிரி தோல்வியை ஒப்புக்கொண்டான். அதே கணத்தில் அரிக்கியோனின் உயிர் பிரிந்தது. நடுவர்கள் பிணத்துக்கு வெற்றி முடி சூட்டினர். இதைப் பௌசானியஸ் எழுதி வைத்திருக்கிறார். கணக்கியற்படி அரிக்கியோன் வென்றவன். அதற்குமேல் அவனைப்பற்றி என்ன சொல்வதென்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

இக்காலத்துக் கலப்புப் போரின் வேர் யப்பானிலே தொடங்குகிறது. ஆசிரியத் தொழிலைச் சேர்ந்தவரான ஜிகோரோ கானோ, பழைய ஜூஜிட்சு முறைகளிலிருந்து உயிருக்கு ஆபத்தானவற்றை நீக்கி, 1882 ஆம் ஆண்டு தோக்கியோவில் ஜூடோவைத் தோற்றுவித்தார். அவருடைய பள்ளியிற் பயின்ற மிட்சுயோ மயேடா 1904 இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டு, ஐரோப்பாவிலும் கியூபாவிலும் மெக்சிக்கோவிலும் மல்லர்களுடன் பொருதி, 1914 இல் பிறேசிலை அடைந்தார். அந்நாட்டின் வடக்கேயுள்ள பெலெம் நகரிற் குடியேறினார். அங்கே அவரிடம் பாடங் கேட்ட கார்லோஸ் கிறேசி என்னும் இளைஞர் தம் தம்பியருக்கும் அக்கலையைப் புகட்டினார். அத்தம்பியருள் உடல் மெலிந்தவரான ஹீலியோ, பலத்தால் ஆகாததை நெம்புகோல் முறையாற் செய்யப் பழகி, தரையிற் கிடந்து போராடும் ஒரு முறையை நுணுக்கமாக்கினார். மயேடாவின் பெயர் மாணவர் பட்டியல் இரண்டிலும் இல்லை. ஹீலியோவின் பெயரும் இல்லை.

1951 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23 ஆம் திகதி றியோ டி ஜெனீறோவில் நிகழ்ந்ததை நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். யப்பானின் தலைசிறந்த ஜூடோ வீரராகிய மசஹிகோ கிமுரா அவ்வாண்டு பிறேசிலுக்கு வந்திருந்தார். அவருடன் வந்த கற்றோ என்பவரை ஹீலியோ கழுத்தை நெரித்து மயங்கச் செய்து வென்றார். ஆகவே கிமுராவே களம் இறங்க நேர்ந்தது. ஹீலியோவுக்கு வயது முப்பத்தெட்டு. எடையோ கிமுராவினும் மிகக் குறைவு. மூன்று நிமிடம் நின்று பிடித்தாலே ஹீலியோ வென்றதாகக் கொள்ளலாம் என்று கிமுரா கூறியதாகச் சொல்லுவர். ஹீலியோ பதின்மூன்று நிமிடம் நின்றார். முடிவிற் கிமுரா அவருடைய கையை மடக்கி, தம் இரு கைகளாலும் பூட்டி, முதுகுப் புறமாக முறுக்கினார். தோல்வியை ஏற்போர் எதிரியின் உடலிலோ தரையிலோ கையாற் தட்டுதல் வழக்கம். ஹீலியோ தட்டவில்லை. எலும்பு முறியும் ஓசை கேட்டதாகக் கிமுரா பிற்காலத்தில் எழுதினார். தமையன் கார்லோஸ் தலையிட்டு ஆட்டத்தை நிறுத்தினார்.

இதன் பின்னர் கிறேசி குடும்பத்தார் செய்ததே எனக்கு வியப்பளிப்பது. தங்களை வீழ்த்திய அப்பூட்டுக்கு, வீழ்த்தியவரின் பெயரையே அவர்கள் இட்டனர். இன்று உலகின் எந்தப் பயிற்சிக் கூடத்திலும் அதன் பெயர் ‘கிமுரா’. அந்தப் பூட்டை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். இன்னும் இரண்டு இடங்களில் அதைச் சந்திக்கப் போகிறோம்.

1955 இல் ஹீலியோ தம் பழைய மாணாக்கர் வால்டெமார் சந்தானாவுடன் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் பொருதித் தோற்றார். இவ்வாறு பெருந் தோல்விகள் இரண்டைத் தாங்கியவரின் முறைதான் உலகை ஆண்டது என்பதைப் பின்னர் காண்போம்.

1976 ஆம் ஆண்டு யூன் 26 ஆம் திகதி தோக்கியோவிற் குத்துச்சண்டைச் சம்பியன் முகம்மது அலியும் யப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கியும் மோதினர். பதினைந்து சுற்றிலும் இனோக்கி பெரும்பாலும் மல்லாந்து கிடந்தவாறே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. கூடியிருந்தோர் ஏமாற்றத்தாற் கூச்சலிட்டனர். அலியின் கால்களில் இரத்தங் கட்டிப் பெருந்துன்பமுண்டாயிற்று. வேடிக்கை என்று அன்று இகழப்பட்ட இது, குத்துச்சண்டைக்காரன் தரையிற் கிடப்பவனை எதிர்கொள்ள வழியறியாது நிற்பான் என்பதை உலகுக்குக் காட்டிற்று. அதே ஆண்டு டிசெம்பரில் இனோக்கி கராச்சிக்குச் சென்று அக்ரம் பயில்வானுடன் பொருதினார். நம் தந்தையர் காலத்திற் பேர்பெற்ற காமா பயில்வானின் தம்பி இமாம் பக்ஷின் மகனே இந்த அக்ரம். இனோக்கி அவருடைய கையைப் பூட்டினார். அது கிமுராவின் அதே பூட்டு. அக்ரம் பணிய மறுத்தார், கை சிதைந்தது. தமது ஊர்மக்கள் முன்னிலையில், குலப்பெயரைத் தோளிற் சுமந்து நின்ற ஒருவர் தட்ட மறுத்தமையை நான் வீரம் என்று மாணவருக்குச் சொல்லலாமா? சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி 1993 ஆம் ஆண்டு நவெம்பர் 12 ஆம் திகதிக்கு வருவோம். ஹீலியோவின் மூத்த மகன் றொறியன் அமெரிக்காவிற் குடியேறி, வெவ்வேறு கலைகளைச் சேர்ந்த எண்மரை ஒரே இரவில் ஒரே கூண்டுக்குள் மோதவிடும் போட்டியொன்றை டென்வர் நகரில் வேறு சிலருடன் சேர்ந்து அமைத்தார். யூ. எஃப். சி. எனப்படும் அமைப்பின் தொடக்கம் அதுவே. எடைப் பிரிவு இல்லை. விலக்கப்பட்டவை கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும். பழைய கிரேக்கரின் அதே இரு விதிகள்! முதற் சண்டையிற் சுமோ மல்லர் ஒருவரின் பல் உதையாற் சிதறியது. அக்குடும்பத்தில் மிக வல்லவராக மதிக்கப்பட்டவர் றிக்சன். ஆயினும் றொறியன் அவரை விடுத்து, எண்பது கிலோ அளவே எடையுள்ள மெலிந்த தம்பி றொய்ஸைத் தெரிவு செய்தார். வலிமையாலன்றி முறையால் வெல்லலாம் என்பதை மெலிந்தவன் வென்றாற்றானே உலகு நம்பும்? வெள்ளை அங்கி அணிந்து வந்த அந்த இளைஞர், ஒரு கையில் மாத்திரம் உறையணிந்து வந்த குத்துச்சண்டைக்காரர் ஒருவரையும், பேசிகளில் உருண்டு திரண்ட கென் ஷாம்றொக்கையும், உதைச் சண்டையில் வல்ல ஜெரார்ட் கோர்டோவையும் அடுத்தடுத்துப் பணியச் செய்தார். பெரிய அடியோ இரத்தமோ இன்றி அவர்கள் பணிந்தது பார்த்தோருக்குப் புதிராயிருந்தது. அன்றிரவுக்குப் பின் தரைப்போர் அறியாத எவரும் இக்களத்தில் நிலைக்க இயலாது என்பது உறுதியாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலிற் கிமுரா காலமானார். ஏழு மாதம் பொறுத்திருந்தால் அவரும் இதைக் கண்டிருப்பார்.

எனினும் இந்த ஆட்டம் அப்போது சாகுந் தறுவாயில் இருந்தது. 1996 இல் அமெரிக்கச் செனற்றர் ஜோன் மக்கேன் இதனைத் தடைசெய்யுமாறு மாநில ஆளுநர்களுக்கு எழுதினார். மனிதரைக் கொண்டு நடத்தும் சேவற்சண்டை என்று இகழ்ந்தார். பல மாநிலங்கள் தடை விதித்தன. அவர் சொன்னதில் நியாயமில்லை என்று நான் கூறமாட்டேன். இவ்விளையாட்டைக் காத்தவர்கள் மல்லர்களல்லர், விதி எழுதியவர்கள். 1984 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வென்றவரும், அதற்கு முன்னரே புற்றுநோயிலிருந்து மீண்டவருமான ஜெவ் பிளற்னிக் அவர்களுள் ஒருவர். ‘கலப்புத் தற்காப்புக் கலை’ என்று இன்று நாம் சொல்லும் பெயரை நிலைபெறச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. எடைப் பிரிவுகள், கையுறைகள், சுற்றுகள், மருத்துவக் கண்காணிப்பு, தலையின் பின்புறத்தில் அடித்தலுக்குத் தடை ஆகியவை படிப்படியாக வந்து, 2000 ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநில அதிகாரிகளால் முறைப்படுத்தப்பட்டன. பாடசாலை அதிபர் ஒருவன் விதி எழுதினோரைப் புகழ்வது வியப்பன்று என நேயர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும்.

அதே 2000 ஆம் ஆண்டு, மே முதலாம் திகதி, தோக்கியோவில் றொய்ஸ் கிறேசியும் கசுஷி சக்குராபாவும் சந்தித்தனர். நேர எல்லை வேண்டாம், நடுவர் இடையில் நிறுத்தவும் வேண்டாம் என்ற நிபந்தனைகள் கிறேசி குடும்பத்தாருடையவை. சக்குராபா அவற்றை ஏற்றார். பதினைந்து நிமிடச் சுற்றுகள் ஆறு. முழுதாகத் தொண்ணூறு நிமிடம். றொய்ஸின் காலை அவர் உதைத்து உதைத்து ஓய்த்தார். றொய்ஸின் அங்கியையே கருவியாக்கினார். இடையிடையே கூட்டத்தைச் சிரிக்கவும் வைத்தார். ஆறாம் சுற்றின் பின் றொய்ஸின் பக்கத்தார் துவாயை வீசினர். அன்றிரவே சக்குராபா தம்மினும் எடை மிகுந்த உக்ரேனியர் ஒருவருடன் மேலும் பதினைந்து நிமிடம் பொருதிய பின்னரே களத்தை விட்டகன்றார். அவர் முந்திய ஆண்டில் றொய்லர் கிறேசியையும், அவ்வாண்டு ஓகஸ்டில் றென்சோ கிறேசியையும் வென்றது எந்தப் பூட்டினால் என்று நினைக்கிறீர்கள்? கிமுராவின் பூட்டினாலேதான். ஆட்டம் முடிய 17 வினாடி இருக்கையில் றென்சோவின் முழங்கை மூட்டு விலகிற்று. அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஹீலியோ தட்டாதது போலவே அவரும் தட்டவில்லை.

பின்வந்த சம்பியன்களை மாணவர் நன்கறிவர். ஆதலால் விரைந்து செல்கிறேன். இரசியரான ஃபெடோர் எமெலியானென்கோ ஏறத்தாழப் பத்தாண்டு தோல்வியின்றி இருந்து, 2010 யூன் 26 ஆம் திகதி 69 வினாடியிற் தோற்றார். அலி, இனோக்கி போரின் அதே திகதி. அன்டேர்சன் சில்வா யூ. எஃப். சி.யில் தொடர்ந்து பதினாறு வெற்றி பெற்றார். ஜோன் ஜோன்ஸ் 2011 இல் இருபத்துமூன்று வயதிலேயே சம்பியன் ஆனார். கபீப் நுர்மகமடோவ் 29 போர்களில் ஒன்றிலும் தோலாது 2020 இல் ஓய்வு பெற்றார். சில்வாவின் 2015 ஆம் ஆண்டு வெற்றியொன்றும், ஜோன்ஸின் 2017 ஆம் ஆண்டு வெற்றியொன்றும் பரிசோதனையின் பின் செல்லாதனவாக்கப்பட்டன. இவ்விருவரின் திறமையை நான் மறுக்கவில்லை; முதலிடத்தை மாத்திரம் மறுக்கிறேன். கனடியரான ஜோர்ஜ் சென் பியரோ வாழ்நாளில் இருமுறையே தோற்றார். தோற்கடித்த இருவரையும் மீண்டும் சந்தித்து வென்றார். கராத்தேயில் வளர்ந்த அவர் மல்யுத்தத்தைப் பிந்திக் கற்று, அதிலேயே பிறந்து வளர்ந்தோரை அவர்களுடைய வித்தையாலேயே வீழ்த்தினார்.

பெண்களின் பெயர் ஒன்றேனும் அப்பட்டியல்களில் இல்லாதது கண்டு இருவரையும் கடிந்துகொண்டேன். 2008 ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்ற றொண்டா றவுசி, பெண்களுக்கு இடமேயில்லை என்று தலைவர் கூறியிருந்த அதே யூ. எஃப். சி.யில் 2013 பெப்ருவரியில் முதற் பெண்கள் போரில் வென்றார். 2016 இல் அவரை 48 வினாடியில் வீழ்த்திய பிறேசில் வீராங்கனை அமண்டா நூனிஸ் இரு எடைப் பிரிவுகளிற் சம்பியனானார். முன்னவர் கதவைத் திறந்தவர். பின்னவர் அதனூடே வந்த யாவரினும் வல்லவர்.

எனவே நான் ஒரு பட்டியலை இரண்டாக்கினேன். வழி திறந்தோர் வரிசை: ஹீலியோ, மயேடா, பிளற்னிக், றொய்ஸ், றவுசி. வல்லோர் வரிசை: சென் பியர், ஃபெடோர், நூனிஸ், கபீப். சக்குராபாவின் பெயரை இரண்டிலும் எழுதினேன். எவ்வாறு முயன்றும் ஒன்றிலிருந்து நீக்க இயலவில்லை. ஃபெடோரா சென் பியரா என்பதில் மாத்திரம் கடைசிவரை மனம் ஊசலாடிற்று. தோற்ற பாடத்தை மீண்டும் படித்தவர் என்ற ஒன்றுக்காகவே சென் பியரை முன்வைத்தேன்.

“சேர், இரண்டு பெரிய சண்டையிலும் தோற்றவரை முதலாவதாக எழுதியிருக்கிறீர்களே?” என்று ஒருவன் கேட்டான். “தம்பி, அந்தப் பூட்டுக்குப் பெயர் வைத்தவர் யார்?” என்று கேட்டேன். அவன் சிறிது யோசித்துத் தலையசைத்தான். மற்றவன் ஜோன்ஸின் கட்சிக்காரன், அவன் சமாதானமாகவில்லை. அடுத்த தவணையில் மேன்முறையீடு செய்வதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.