30 வயதில் நெஞ்சுவலி: கொழுப்பு இல்லாமலும் இருதயக் குழாய் சுருங்குமா?

இருதய அடைப்பு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கொழுப்பு, சிகரெட், இனிப்புநீர், இரத்த அழுத்தம். பெரும்பாலான கேஸ்களில் காரணமும் அதுதான். ஆனால் இவை எதுவுமே இல்லாத இளையோருக்கும் அடைப்பு வரலாம். அதுவும் குழாய் தொடங்கும் வாயிலேயே வரலாம்.

வாய் சுருங்கினால் ஏன் ஆபத்து?

இருதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் அடியில், வால்வுக்குச் சற்று மேலே, இடது வலது என இரண்டு சிறு திறப்புகள் உள்ளன. இருதயத் தசைக்கான இரத்தம் இவை வழியாகத்தான் போகிறது. வீட்டில் ஒரு பைப் அடைத்தால் அந்த அறைக்கு மட்டும்தான் தண்ணீர் வராது. மீட்டர் பக்கத்திலேயே அடைத்துக்கொண்டால்? வீடு முழுக்க வராது. இதுவும் அப்படித்தான்.

அரிதான காரணங்கள் என்னென்ன?

தக்கயாசு நோய்: பெருந்தமனியின் சுவரே வீங்கித் தடிக்கும் அழற்சி. 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கிட்டோ தக்கயாசு இதை விவரித்தார். 40 வயதுக்குட்பட்ட பெண்களிடம், குறிப்பாக ஆசியாவில், அதிகம் காணப்படுகிறது. ஒரு கையில் நாடித்துடிப்பு பலவீனமாக இருப்பதும், இரு கைகளின் இரத்த அழுத்தம் வேறுபடுவதும் முக்கியத் தடயங்கள்.

சிஃபிலிஸ்: சிகிச்சை பெறாத பால்வினைத் தொற்று, பல ஆண்டுகள் கழித்துப் பெருந்தமனியைத் தாக்கலாம். பென்சிலின் வந்த பிறகு இந்த நிலை அரிதாகிவிட்டது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவியும் சிஃபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. ஆனால் பெரியவர்களிடையே தொற்று இன்னும் உண்டு. ஒரு இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

கதிரியக்கச் சிகிச்சை: நிணநீர்ப் புற்று, மார்பகப் புற்று போன்றவற்றுக்காக நெஞ்சில் கதிர் பாய்ச்சியவர்களுக்கு, பத்து ஆண்டுகளுக்குப் பிறகுகூடப் பாதிப்பு தலைகாட்டலாம்.

வால்வு அறுவை சிகிச்சை: பெருந்தமனி வால்வை மாற்றிய சிலருக்கு, பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில், திறப்பு சுருங்குவதுண்டு.

பரம்பரைக் கொழுப்பு நோய்: இதில் கொழுப்புதான் காரணம், ஆனால் சாப்பாட்டினால் வந்ததல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணு வந்தால், சிறு வயதிலேயே இத்திறப்புகளில் கொழுப்பு படியலாம். குதிகால் தசைநாரிலோ முழங்கையிலோ மஞ்சள் நிறக் கட்டிகள் இதன் அடையாளம்.

காரணம் தெரிவது ஏன் முக்கியம்?

அடைப்பைத் திறந்தால் மட்டும் போதாது. தக்கயாசு அழற்சி அடங்காத நேரத்தில் ஸ்டென்ட் வைத்தால், மறுபடியும் சுருங்கும் வாய்ப்பு அதிகம். அவசரம் இல்லாவிட்டால், முதலில் ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் அழற்சியை அடக்குவார்கள். சிஃபிலிசுக்குப் பென்சிலின் தேவை. பரம்பரைக் கொழுப்பு என்றால், உடன்பிறப்புகளும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

தண்ணீர்மலைப் படி ஏறும்போதோ பூப்பந்து ஆடும்போதோ நெஞ்சு இறுகி, நின்றதும் சரியாகிறதா? "சின்ன வயசுதானே, கேஸ்டிரிக்கா இருக்கும்"னு விட்டுவிடாதீர்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நார்மலாக இருந்தாலும் அடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. ஓடும்போது எடுக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட், சிடி ஸ்கேன், ஆஞ்சியோகிராம் தேவைப்படலாம்.

முதலில் அருகிலுள்ள சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். தேவைப்பட்டால், ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனை போன்ற இருதயப் பிரிவு உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். டாக்டரிடம் மூன்று விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள்: முன்பு கதிரியக்கச் சிகிச்சையோ வால்வு அறுவை சிகிச்சையோ செய்ததுண்டா, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உண்டா, கை சீக்கிரம் சோர்ந்துபோகிறதா. இரு கைகளிலும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேட்கவும் தயங்க வேண்டாம்.

ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு வலித்து, வியர்த்து, மூச்சு முட்டினால் காத்திருக்காதீர்கள். நீங்களே கார் ஓட்டிப் போகவும் வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள்.