டி.என்.ஏ.வை வெட்டும் உலோக அணைவுகள்

டி.என்.ஏ.வோடு பிணைந்து அதன் இழையை அறுக்கும் செயற்கை உலோக அணைவுச் சேர்மங்கள் வேதி நியூக்ளியேஸ்கள் எனப்படும். நடுவில் ஓர் உலோக அயனியும் அதைப் பற்றியிருக்கும் ஈனிகளுமாக அமைந்தவை இவை.

இத்துறைக்கு வழிவகுத்தது பிளாட்டின அணைவான சிஸ்பிளாட்டின். 1845-இல் மிக்கேலே பெய்ரோனே தயாரித்த இச்சேர்மத்தின் மருத்துவப் பயனுக்கு 1965-இல்தான் தடயம் கிடைத்தது. மின்புலத்தில் வைத்த பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நூல்போல் நீள்வதை பார்னெட் ரோசன்பர்க் கண்டார். மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் உருவாக்கிய இத்தகைய சேர்மங்களே காரணம். 1978-இல் சிஸ்பிளாட்டின் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக ஏற்கப்பட்டது. ஆனால் அது டி.என்.ஏ.வைப் பிணைக்குமே தவிர வெட்டாது.

வெட்டும் அணைவு எதிர்பாராமல் அகப்பட்டது. ஃபினாந்த்ரோலின் என்னும் ஈனி, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியிலுள்ள துத்தநாகத்தைப் பிடித்து அந்நொதியை முடக்குவதாகக் கருதப்பட்டது. உண்மையில் கரைசலில் இருந்த துளித் தாமிரத்தோடு அது சேர்ந்து டி.என்.ஏ.வையே அறுக்கிறது என்று 1979-இல் டேவிட் சிக்மன் குழு காட்டியது. ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு இவ்வணைவு டி.என்.ஏ.வின் சர்க்கரைப் பகுதியை ஆக்சிஜனேற்றம் செய்ய, இழை அறுகிறது.

வெட்டு விழுந்ததா என்பதை, அகரோஸ் கூழ்மத்தில் டி.என்.ஏ.வை மின்புலத்தால் ஓடவிட்டு அறியலாம். இதற்குப் பயன்படும் பிளாஸ்மிட் என்பது முறுக்கிய ரப்பர் வளையம் போன்ற டி.என்.ஏ. ஆகும். அது முறுக்கோடு இருந்தால் மின்புலத்தில் விரைந்து ஓடும். ஓர் இழை மட்டும் அறுந்தால் முறுக்கு தளர்ந்து பின்தங்கும். இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் நேர்க்கோடாகி இடையில் நிற்கும். எத்திடியம் புரோமைடு ஏற்றிப் புறஊதா ஒளியில் பார்த்தால் மூன்றும் தனித்தனி ஆரஞ்சுப் பட்டைகளாகத் தெரியும். எளிமையும் தெளிவும் ஒருங்கே அமைந்த அழகான சோதனை இது.

தமிழகத்தில் இவ்வாய்வுக்குத் தோல் தொழிலோடும் தொடர்பு உண்டு. தோல் பதனிடப் பெரும்பாலும் குரோமியம் உப்பே பயன்படுவதால், அவ்வுலோகம் உயிரணுவில் என்ன செய்யும் என்பது இங்கே வெறும் ஏட்டுக் கேள்வியன்று. குரோமியம்(III) அணைவு ஒன்று டி.என்.ஏ.வை வெட்டுவதை 2000-இல் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாலச்சந்திரன் உண்ணி நாயர் குழு வெளியிட்டது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பழனியாண்டவர் குழு, ஃபினாந்த்ரோலின் வகை ஈனிகளோடு கூடிய தாமிர அணைவுகள் டி.என்.ஏ.வை வெட்டுவதையும் புற்றுநோய் உயிரணுக்களைச் சாகடிப்பதையும் ஆராய்ந்தது.

கண்ட இடத்தில் வெட்டும் அணைவு நலமான உயிரணுவையும் கெடுக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அகில் சக்ரவர்த்தி குழு இதைத் தவிர்க்க ஒளியை நாடியது. அவர்கள் ஆக்கிய தாமிர அணைவுகள் சில, சிவப்பொளி பட்டால் டி.என்.ஏ.வை வெட்டும், இருட்டில் வெட்டா. சிவப்பொளியைத் தேர்ந்ததற்குக் காரணம், நீல ஒளியைவிட அது தசைக்குள் ஆழமாகச் செல்லும் என்பதே.