அபிதான சிந்தாமணிக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு விண்ணப்பம் போடுவதும், "மிகப் பயனுள்ள திட்டம், ஆனால் தற்போது ஆதரிக்க இயலவில்லை" என்று பதில் வாங்குவதும் எங்கள் தொழிலில் வருடாந்திரச் சடங்கு. தில்லியில் தமிழ் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் சந்தித்தால் குளிர், வெயிலுக்கு அடுத்து இதைத்தான் பேசுவோம். அப்படி ஒரு பேச்சில் நண்பர் சொன்னார்: "அந்தக் காலத்துல ராஜாவும் ஜமீன்தாரும் கூப்பிட்டுக் கொடுத்தாங்க சார்." எனக்குச் சட்டென்று ஆ. சிங்காரவேலு முதலியார் ஞாபகம் வந்தார்.

1855-ல் பிறந்தவர். சென்னையில் பச்சையப்பன் கல்வி நிறுவனத்தில் தமிழாசிரியர். புராணங்களில் வரும் பெயர்களைத் தொகுக்கலாம் என்று ஆரம்பித்தார். ஆனால் பெயர் என்று புறப்பட்டால் எங்கே நிறுத்துவது? ரிஷிகள், அரசர்கள், புலவர்கள், ஊர்கள், நூல்கள், மூலிகைகள் என்று வளர்ந்து தமிழின் முதல் பெரிய கலைக்களஞ்சியமாகவே ஆகிவிட்டது. குழு கிடையாது, உதவியாளர் சம்பளம் கிடையாது. பள்ளி வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு மனிதர் செய்த வேலை.

எழுதி முடித்தாயிற்று, அச்சுப்போடப் பணம்? அப்போது புத்தகம் போட ஒரு வழி இருந்தது. முன்கூட்டியே கையொப்பம் வாங்குவார்கள். கையெழுத்திட்டவர் புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியை அப்படித்தான் கொண்டுவந்தார். ஆயிரம் பக்கப் புத்தகத்துக்கு அந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். முதலியார் செல்வந்தர்களை அணுகினார். கிடைத்தது பாராட்டு, பணம் இல்லை. இந்த அலைச்சலை நூலின் முன்னுரையில் அவரே மனம் நொந்து சொல்லியிருக்கிறார். நமக்கு வரும் கடிதத்தின் அதே தொனி, லெட்டர்ஹெட் மட்டும்தான் இல்லை :-)

கடைசியில் கைகொடுத்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர். அவர் முயற்சியால் 1910-ல் சங்கத்தின் வெளியீடாக, 1050 பக்கங்களில் அபிதான சிந்தாமணி வந்தது. மறு வருடமே, 1911-ல், தேவர் காலமானார். இன்னும் இரண்டு வருடம் தாமதமாகியிருந்தால் கையெழுத்துப் பிரதியின் கதி என்ன? அடுத்த புரவலரைத் தேடி அந்த ஆசிரியர் மறுபடி நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, நண்பர் சொன்ன "ராஜா ஜமீன்தார்" கதையில் பாதி சரி. கொடுத்த ஒருவர் பெயர் நிலைத்துவிட்டது. கொடுக்காதவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். புத்தகம் வந்துவிட்டது, வயது 55. இன்றைய கணக்கில் திட்டம் நிறைவு, இறுதி அறிக்கை கொடுத்துவிட்டு அடுத்த வேலை பார்க்கலாம். மனிதர் நிறுத்தவில்லை. விட்டுப்போனவற்றைச் சேர்த்துக்கொண்டே, திருத்திக்கொண்டே இன்னும் இருபது வருடம். கேட்டால் யார் கொடுப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும், இருந்தும் எழுதினார். 1931-ல் இறந்தார். இரண்டாம் பதிப்பை அவர் பார்க்கவில்லை. மகன் சிவப்பிரகாச முதலியார் அந்தப் பொறுப்பை ஏற்க, 1934-ல் வெளிவந்தது, 1634 பக்கம்.

பிற்காலத்தில் இதை மறுபதிப்பாகப் போட்டவர்களில் நம்ம தில்லி ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸும் உண்டு. எங்கள் வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ராம்லீலா பார்த்துவிட்டு வந்து, "கும்பகர்ணனோட பொண்டாட்டி பேர் என்னப்பா?" என்று பையன் கேட்டால், இரண்டு கையாலும் பிடித்துத்தான் கீழே இறக்க வேண்டும்.