பூசணிக்காய்க் கிடங்கிலிருந்து மியூனிக்குக்கு: எல்விஸின் 507

இன்னைக்கு நேரா ஒரு கிடங்குக்குப் போயிடலாம். கலிபோர்னியா கடற்கரையில் ஹாஃப் மூன் பே என்று ஒரு ஊர், பூசணிக்காய்க்குப் பேர் போனது. அங்கே பூசணிக்காய் போட்டு வைக்கிற கிடங்கு ஒன்றில் ஒரு பழைய கார் பல வருஷமாகத் தூசி படிந்து நின்றது. பி.எம்.டபிள்யூ 507, சேஸிஸ் நம்பர் 70079. அந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

507 மொத்தமே சுமார் 250 கார்கள்தான் தயாராச்சு. 1955-ல் நியூயார்க்கில் அறிமுகம் செஞ்சாங்க. ஐயாயிரம் டாலருக்கு அமெரிக்காவில் விற்கலாம்னு கணக்கு. விலை அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிப் போச்சு. ஒவ்வொரு காரிலும் நஷ்டம். 1959 கடைசியில் கம்பெனியே டைம்லர்-பென்ஸ் கைக்குப் போயிருக்கும், மயிரிழையில் தப்பிச்சது. அதுக்கு 507 மட்டும் காரணம் இல்லை, ஆனா அதுவும் ஒரு காரணம்.

நம்ம 70079 முதலில் வெள்ளை நிறம். ஹான்ஸ் ஸ்டக் என்ற பந்தய வீரர் மலைப் பந்தயங்களில் ஓட்டிய கார். 1958 டிசம்பரில், ஜெர்மனியில் ராணுவ சேவையில் இருந்த எல்விஸ் பிரெஸ்லி இதை வாங்கினார். ரசிகைகள் லிப்ஸ்டிக்கால் காரில் எழுதிட்டுப் போனதால் சிவப்புப் பெயின்ட் அடிச்சார்னு சொல்வாங்க. இதனாலேயே அவர்கிட்ட வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு, ஆக இரண்டு 507 இருந்ததாகக் கூட வதந்தி கிளம்பிச்சு.

1960-ல் கார் அமெரிக்கா போச்சு. எல்விஸ் அதை மாற்றிக் கொடுத்துட்டார். 1962-ல் அலபாமாவைச் சேர்ந்த ரேடியோ அறிவிப்பாளர் டாமி சார்ல்ஸ் 4,500 டாலருக்கு வாங்கி, எஞ்சினைக் கழட்டிட்டு செவர்லே வி8-ஐ உள்ளே திணிச்சார். அதுக்கு இடம் பத்தலைன்னு முன் ஃபிரேமையே வெட்டினாங்க. இன்னைக்குக் கேட்டா வயிறு எரியுது. அன்னைக்கு அது ஒரு செகண்ட் ஹேண்ட் கார், அவ்வளவுதான்.

1968-ல் ஒரு விண்வெளிப் பொறியாளர் வாங்கினார். ஒருநாள் சரிசெய்யணும்னு பாகங்களைச் சேர்த்துக்கிட்டே இருந்தார், வேலை மட்டும் ஆரம்பிக்கலை. எல்விஸின் காரைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படிச்சுட்டு, எழுதினவரைத் தொடர்பு கொண்டார். நம்ம ஊரில் பழைய வண்டி வாங்குறவர் ஆர்.சி. புத்தகத்தோட குனிஞ்சு பார்ப்பாரே, அதே வேலைதான். நம்பர் பொருந்திச்சு.

பி.எம்.டபிள்யூவுக்கு விற்கச் சம்மதிச்சார். ஆனா பழையபடி புதுப்பிக்கணும், தன் யோசனைகளையும் கேட்கணும் என்பது பேச்சு. 2014-ல் கார் கடல் தாண்டி மியூனிக் வந்தது. ஒரிஜினல் எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, பின் ஆக்ஸில் வேற. இப்படி ஓடாத காரை அனுப்புறது தனி வித்தை: விஞ்ச் வெச்சு இழுத்து ஏத்தணும், சக்கரங்களை வாரால் கட்டணும், கழன்ற பாகங்களை ஒண்ணுவிடாம அடையாளம் போட்டு கூடவே அனுப்பணும். சின்ன கைப்பிடி காணாமப் போனாலும் கடையில் கிடைக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், வந்தவுடனே கை வைக்கலை. அந்தக் கோடையில் அதே கோலத்தில் மியூசியத்தில் நிறுத்திக் காட்டினாங்க. அப்புறம்தான் அலுமினிய பாடியைக் கழட்டி, அமிலத்தில் முக்கிப் பெயின்டை எடுத்தாங்க. உதிரி பாகங்களைச் சேர்த்து எஞ்சினைக் கட்டினாங்க. கதவுக் கைப்பிடியையும் ஜன்னல் சுத்துற பிடியையும் 3டி பிரின்டரில் செஞ்சாங்க. கடைசியில் மறுபடி வெள்ளை.

அந்த வெள்ளையில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. சிவப்புப் பூச்சு, வெட்டின ஃபிரேம், அலபாமா எல்லாம் போச்சு. புது எஞ்சின் போட்ட கார் அதே கார்தானான்னு கேட்டா, 70079 ஆமாம்னு சொல்லுது. நான் பாதி மனசோட ஆமாம்னு சொல்றேன். ஆனா 46 வருஷம் வெச்சிருந்தவர் கேட்டது இதைத்தானே, நான் யார் சொல்ல?

2016 ஆகஸ்டில் கார் பெபிள் பீச் கண்காட்சிக்கு வந்தது. அதே கலிபோர்னியா கடற்கரை, அந்தக் கிடங்கிலிருந்து கொஞ்சம் தெற்கே. அந்தப் பொறியாளர் 2014 நவம்பரிலேயே காலமாகிட்டார்.