செமினார் வகுப்பின் வரலாறு

செமினார் வகுப்பு என்பது ஒரு கேள்வியையோ மூல ஆவணத்தையோ நடுவில் வைத்துச் சிறு குழுவாக ஆராயும் பல்கலைக்கழகக் கற்பித்தல் முறை. இச்சொல்லின் மூலமான 'செமினாரியம்' என்ற இலத்தீன் சொல்லுக்கு நாற்றங்கால் என்று பொருள். ஆனால் இந்த நாற்றங்காலில் நெடுங்காலம் இளநாற்றுகளுக்கு இடம் இருக்கவில்லை.

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் யோகான் மத்தியாஸ் கெஸ்னர் இதைத் தொடங்கினார். இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கும் பள்ளி ஆசிரியர்களை உருவாக்குவதே நோக்கம். (பள்ளி ஆசிரியனாக இருந்த எனக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி.) 1787இல் ஹாலேயில் பிரெடரிக் ஆகஸ்ட் வுல்ஃப் அதை ஆய்வுப் பயிற்சியாக மாற்றினார்.

பெர்லினில் வரலாற்றாசிரியர் லியோபோல்ட் வான் ராங்கே, தேர்ந்தெடுத்த சில மாணவர்களைத் தம் வீட்டிலேயே கூட்டினார். இடைக்கால ஆவணங்களே பாடம். இதை எழுதியவர் நிகழ்வை நேரில் கண்டவரா, பிறர் சொல்லக் கேட்டவரா, யாருக்குச் சாதகமாக எழுதினார் என்று துருவித் துருவிக் கேட்பதே பயிற்சி. 1876இல் தொடங்கிய அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இம்முறையைக் கடல் கடந்து கொண்டுசென்றது. அங்கும் அது முனைவர் பட்ட மாணவர்களுக்கே கிடைத்தது. இளநிலை மாணவர் பெரும்பாலும் விரிவுரை கேட்டுக் குறிப்பெடுத்தனர்.

1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, நோயாளியின் சிக்கலைப் புதிய மாணவர்களிடம் முதல் நாளிலிருந்தே கொடுத்துச் சிறு குழுக்களாகத் தேடவைத்தது. 1998இல் அமெரிக்காவின் பாயர் ஆணைக்குழு, முதலாண்டுக் கல்வியே வினவிக் கற்பதாக அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. என் கணிப்பில் உண்மையான திருப்பம் இதுவே.

22 ஆண்டுகள் கழித்து, 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வகுப்பறைகளை மூடியது. அவ்வாண்டு சேர்ந்தவர்களில் பலர் சக மாணவர் முகத்தையே பாராமல், ஜூம் போன்ற செயலிகள் வழியாகச் செமினாரில் அமர்ந்தனர். இதில் ஆதாயமும் உண்டு. வாய் திறக்கக் கூசும் மாணவர் அரட்டைப் பெட்டியில் கேள்வியை எழுதிவிடலாம். தொலைதூர ஆவணக் காப்பகத்தின் மின்படியை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. மாணவர்களை நான்கைந்து பேராகத் தனி அறைகளில் பிரித்துவிட்டால் அவர்கள் தயங்காமல் பேசுவர். ஆனால் ஆசிரியர் ஒரு நேரத்தில் ஓர் அறைக்குள்தான் நுழைய முடியும். மற்ற அறைகளில் எந்தக் கேள்வி எழுந்தது, எது பாதியில் கைவிடப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. ராங்கேயின் வீட்டில் எல்லாப் பேச்சும் அவர் காதில் விழுந்தது.